சிவப்பு விளக்கில் தெரியாத கோடுகள்

குடும்பத்தில் அவருக்கு 'என்றும் பதினாறு' என்று பட்டப்பெயர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கிளை மேலாளர். அவரையும் மனைவியையும் சேர்த்துப் பார்த்து, "உங்க தம்பியா?" என்று யாராவது அவளிடம் கேட்டுவிட்டால் அன்று முழுக்க அவருக்குக் கால் தரையில் பாவாது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொல்வார். கேட்காதவர்களைக் கூப்பிட்டு வைத்தும் சொல்வார். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துத்தான் வந்தாள். ஆனால் ஓர் ஆபீஸ் விருந்தில், யாரும் கேட்பதற்கு முன்னால் அவரே முந்திக்கொண்டு, "இவங்க எங்க அக்கா" என்று அறிமுகம் செய்துவைத்தார்.

மறுநாள் அவள் தன் தங்கை வீட்டில் இருந்தாள்.

தங்கை புகைப்படக்காரி. அவள் கணவன் நாடகங்களுக்கும் படங்களுக்கும் மேக்கப் போடுகிறவன். மாடி அறைதான் ஸ்டூடியோ. பிழைப்புக்கான வேலை முடிந்த நேரத்தில் இருவரும் அங்கே ஏதாவது விபரீதம் செய்து பார்ப்பார்கள். கண்ணாடியில் வாஸ்லின் தடவி அதன் வழியாக எடுப்பார்கள். ஒரே ஆளை ஒரே படத்தில் இரண்டு முறை உட்காரவைப்பார்கள். கிளிசரின் விட்டு அழவைப்பார்கள்.

"அவர் மூஞ்சிய ஏதாவது பண்ணணும்டி," என்றாள் அக்கா.

"ஏதாவதுன்னா?"

"கிழவனாக்கணும். அவர் கண்ணு முன்னாலயே."

பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்த தங்கை கணவன் தலையைத் தூக்கினான். "கறுப்பு வெள்ளைப் பட காலத்து வித்தை ஒண்ணு இருக்கு அக்கா. சிவப்பு வெளிச்சத்துல சிவப்புக் கோடு தெரியவே தெரியாது. அப்படியே பச்சைக்கு மாத்தினா அந்தக் கோடெல்லாம் கன்னங்கரேல்னு எழுந்து வரும்."

அக்கா அவனை வாழ்க்கையில் முதல்முறையாக மரியாதையோடு பார்த்தாள்.

தங்கை அன்றே போன் செய்தாள். "அத்தான், புதுசா ஒரு சிவப்பு லைட் வாங்கியிருக்கேன். அதுல எடுத்தா முகத்துல இருக்கற சின்னச் சின்னதெல்லாம் காணாமப் போயிடும். உங்க முகத்துக்குத்தான் முதல்ல போட்டுப் பாக்கணும்னு இருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை அவர் மாற்றி மாற்றி உடுத்த இரண்டு கோட்டுகளோடு வந்து இறங்கினார்.

அறை முழுக்கச் சிவந்து கிடந்தது. நாற்காலிக்கு எதிரே சுவரில் பெரிய திரை. அதன் கீழே கேமரா. திரையில் அவர் முகம் கறுப்பு வெள்ளையில், தேய்த்த வெள்ளிக் கிண்ணம் மாதிரி மின்னியது. தங்கை கணவன் சிவப்புப் பென்சிலால் அவர் நெற்றியில் இழுத்தான், கண்ணோரம் கிளை பிரித்தான், கன்னத்தில் குழி பறித்தான். அவர் கைக்கண்ணாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

"என்ன சகலை, அரை மணி நேரமா தீட்டுறே, போட்ட மாதிரியே தெரியலையே."

"தெரியாம இருக்கறதுதான் நல்ல மேக்கப்."

அக்கா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தங்கை கேமராவை ஓடவிட்டாள். அவர் மோவாயை லேசாக உயர்த்தி, திரையில் இருந்த தன்னையே மயங்கிப் பார்த்தார். "இதைப் பாத்தா யாரு ஐம்பதும்பாங்க?" என்றார்.

தங்கை விளக்கின் குமிழைத் திருப்பினாள். சிவப்பு மெல்ல வடிந்து பச்சை ஏறியது. திரையில் அவர் நெற்றி மடிந்தது. கண்கள் உள்ளே போயின. கன்னம் ஒட்டி, வாயைச் சுற்றிச் சுருக்கம் ஓடி, உதட்டில் பாதிச் சிரிப்போடு ஒரு தொண்டுகிழவர் அவரைப் பார்த்தார். அவர் சட்டென்று திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்தார்.

அக்காவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. விளக்கு ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, விக்கி விக்கிச் சிரித்தாள்.

அவர் விரலில் எச்சில் தொட்டுக் கன்னத்தைத் தேய்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "திருப்பி சிவப்பு போடு." போட்டாள். "பச்சை." போட்டாள். "இது பதிவாயிருக்கா?"

"ஆயிருக்கு அத்தான். கோவிச்சுக்காதீங்க, இப்பவே அழிச்சிடறேன்."

"அழிச்சா தெரியும் சேதி."

அடுத்த வாரம் ஓய்வூதியத் திட்டம் விற்கும் கூட்டத்தில் அவர் அதை ஓடவிட்டார். "இது இன்னைக்கு நீங்க," என்றார். முகம் மடிந்து முடிந்ததும், "இது நாளைக்கு நீங்க. நடுவுல என்ன சேத்து வெச்சிருக்கீங்க?" முன்வரிசையில் ஒருவர் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அப்போதுதான் படத்தின் பின்னணியில் அக்காவின் அந்தச் சிரிப்பு வெடித்தது.

"சிரிக்கறது யாரு சார்?"

"வீட்டுக்காரம்மா. நான் கிழவனானா அவங்களுக்கு அவ்வளவு ஆனந்தம்."

பாலிசி மளமளவென்று விற்றது. காய்கறிக் கடையில் முன்பின் தெரியாத ஒருவர் "மேனேஜர் வீட்டம்மாதானே?" என்று அக்காவை வழிமறித்து, ஒருமுறை சிரித்துக்காட்டச் சொன்னார். அவள் நேராகத் தங்கை வீட்டுக்குப் படியேறினாள்.

"அவர் கொட்டத்த அடக்கச் சொன்னா, கொம்பு வெச்சு விட்டிருக்கீங்க. இப்ப ஆபீஸ்ல எல்லாருக்கும் இதே மாதிரி எடுக்கணுமாம். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வராரு."

"என்னக்கா பண்ணலாம்?"

அக்கா யோசித்தாள். "அந்த சிவப்புப் பென்சில எடு. எனக்கு மீசை வரை."

ஞாயிறன்று அவர் தன் ஆட்களோடு மாடி ஏறிக் கதவைத் திறந்தபோது அறை பச்சையாக இருந்தது. நாற்காலியில் கோட்டும் நாடகத் தொப்பியுமாக யாரோ முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். எதிர்த் திரையில் முறுக்கிய கருமீசையோடு ஒரு கனத்த முகம், ஒரு புருவத்தைத் தூக்கி அவர்களை அளந்தது.

"தலைமை ஆபீஸ்லேருந்து வந்திருக்காங்க போல சார்," என்று ஒருவர் காதோடு சொன்னார்.

அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, திரையைப் பார்த்து முதுகு வளைந்து, "வணக்கம் சார்" என்றார்.

"எதுக்கு லேட்டு?" என்றது மீசை.

குரல் யாருடையது என்று அவருக்குப் பிடிபடச் சிறிது நேரம் ஆனது. அதற்குள் ஊழியர்களும் வரிசையாகக் கும்பிட்டு முடித்திருந்தார்கள். தங்கை மூலையில் இன்னொரு கேமராவோடு நின்று அவருடைய கும்பிட்ட முகத்தைத்தான் எடுத்துக்கொண்டிருந்தாள்.