ஷெட் விளக்கை அமர்த்தியது

மாலை ஆறு மணிக்கு எங்கள் கார் ஷெட் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது.

மழைக்காலத்தில் அது அப்படித்தான் போகும். நடந்து போய் அதன் வெளிவிளக்கைப் போடுவது சிரமமாகிவிட்டது. எலக்ட்ரீஷியன் முத்திருளாண்டி ஒரு ரிமோட் கொண்டுவந்தார்.

“பட்டன் இல்லையே” என்றேன்.

“எதுக்குண்ணே பட்டன். வாயால சொல்லுங்க, கேக்கும்.”

“யார் சொன்னாலும் கேக்குமா?”

“வீட்டு ஆளு சொன்னா கேக்கும்.”

“வீட்டு ஆளுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “தெரியும்ணே” என்றார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

“போடு” என்றேன். தொலைவில் விளக்கு எரிந்தது. அணைக்கச் சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி சொர்ணவல்லி கையை நீட்டித் தடுத்தாள்.

“வெளக்கு வைக்கிற நேரத்துல அந்த வார்த்தை வேணாம். அமத்துன்னு சொல்லுங்க.”

“அமர்த்து” என்றேன்.

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அதன் கீழே ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

முத்திருளாண்டி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “ஆள அமத்திட்டீங்கண்ணே.”

“நான் வெளக்கைத்தான் சொன்னேன்.”

“வெளக்குன்னு சொல்லலயே. என்ன வேலைக்குன்னும் சொல்லல. சரி விடுங்க, அவரே பாத்து எடுத்துக்குவாரு.”

ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

நான் ஷெட்டுக்கு நடந்தேன். அந்த மனிதர் எழுந்து நின்றார். ஒழுங்காகத் தலைவாரியிருந்தார். அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

“யாரு நீங்க?”

“ராஜாங்கம். இப்பத்தான் சேந்தேன்.”

“என்ன வேலை?”

“எது காலியா இருக்கோ அது.”

“இங்க எதுவும் காலியா இல்ல.”

அவர் என் தோளுக்கு மேலாக எங்கள் வீட்டு வாசலைப் பார்த்தார். அங்கே சொர்ணவல்லி தனியாக நின்றிருந்தாள்.

“இப்ப இருக்கே” என்றார்.

வேகமாகத் திரும்பி நடந்தேன். வந்ததைவிடத் திரும்பும் வழி நீளமாக இருந்தது.

மறுநாள் காலை சொர்ணவல்லி ஷெட்டுக்கு டீ கொண்டுபோனாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அவர் ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள். என்னிடம் அவள் சிரிப்பது வேறு மாதிரி.

“அவன் டீ கேட்டானா?”

“கேக்கல. உங்களுக்குப் போட்டதுதான். நீங்க ஜன்னலை விட்டு வரல.”

“என்ன சொன்னான்?”

“உப்புமால உப்பு தூக்கலாம்.”

“நேத்துப் பண்ண உப்புமாவா? அத அவன் எப்போ சாப்பிட்டான்?”

“நீங்க அங்கருந்து திரும்பி வந்துக்கிட்டிருந்தப்ப.”

மத்தியானம் அவர் என் நீலச் சட்டையில் இருந்தார். எனக்கு அது அக்குளில் பிடிக்கும். அவருக்குப் பிடிக்கவில்லை.

அவரை அனுப்பிவிட முடிவு செய்தேன். ரிமோட்டை வாயருகே வைத்து, “நிறுத்து” என்றேன். “அனுப்பு” என்றேன். என் பெயரைச் சொன்னேன். ரிமோட் கேட்கவில்லை.

“யார்ட்ட பேசுறீங்க?” என்று அடுப்படியிலிருந்து கேட்டாள்.

“ரிமோட்டுகிட்ட.”

“அதத் தொடாதீங்க. அவரு பாத்துக்குவாரு.”

இனி நேரில்தான் சொல்ல வேண்டும். வெயில் தாழ்ந்ததும் கிளம்பினேன். முற்றம் முடியவே இல்லை. இடையில் இரண்டு தெருக்கள் வந்தன. ஒன்றில் பூக்கடைக்காரி, “எங்க, வேலைக்கா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

ஷெட்டில் யாரும் இல்லை. நாற்காலி மட்டும் இருந்தது. அதில் உட்காரக் கூடாது என்று நினைத்தேன். கால் வலித்தது. உட்கார்ந்தேன்.

அங்கிருந்து பார்க்க வீடு சின்னதாக, நன்றாக இருந்தது. வாசலில் நீலச் சட்டை தெரிந்தது. பக்கத்தில் அவள்.

“போடு” என்று ஒரு குரல் கேட்டது.

என் தலைக்கு மேல் விளக்கு எரிந்தது.

சற்று நேரத்தில் சொர்ணவல்லி டம்ளரோடு வந்தாள். அவளுக்கு வழி நீளமாக இல்லை போலிருந்தது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கை படாமல் டம்ளரைத் தரையில் வைத்தாள். அதில் ஆவி பறந்தது.

அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அது எனக்கு எப்படித் தெரியும் என்பதுபோலப் பார்த்தாள். பிறகு, வெளியாளிடம் பேசும் மரியாதையோடு கேட்டாள்:

“இருட்டிருச்சே, உங்க வீட்டுல உங்களத் தேட மாட்டாங்களா?”