பதினோரு மெத்தைகளும் ஒரு விளம்பரமும்

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. கைபேசியைத் திறந்த ஆதிகேசவன் அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவனுடைய தொடர்கதைக்கு நடுவே ஒரு மெத்தை கிடந்தது!

'தபால்பை' என்கிற செயலியில், சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் வாரா வாரம் மின்மடலில் துப்பறியும் தொடர் எழுதுகிறவன் அவன். சந்தாதாரர்கள் ஐந்நூற்றுப் பன்னிரண்டு பேர். ஐந்நூறுக்குக் கீழே இறங்கினால் தொடரை இழுத்து மூடிவிடுவார்கள். 'என் கதையில் ஒருநாளும் விளம்பரம் வராது' என்று எழுதிக் கொடுத்துத்தான் அத்தனை பேரையும் பிடித்திருந்தான்.

இந்த வாரக் கதையில் இன்ஸ்பெக்டர் மேகலா, "அப்படியானால் வைரங்கள் எங்கே?" என்று மேசையைக் குத்துகிறாள். அடுத்த வரி:

'மஞ்சுநாத் மெத்தைக் கடை, லிங்கராஜபுரம். உள்ளே என்ன இருக்கிறது என்று சந்தேகமா? நேரில் வந்து வெட்டிப் பாருங்கள்!'

வைட்ஃபீல்டில் இருந்த செயலி அலுவலகத்துக்கு ஃபோன் போட்டான். பொறுப்பிலிருந்த ஸ்னேஹா எடுத்தாள்.

"நேத்துலேர்ந்து விளம்பரம் ஆரம்பிச்சுட்டோம் சார். மெயில் அனுப்பினோமே, பாக்கலையா?"

"மர்மக் கதைக்கு நடுவுல மெத்தையப் போட்டா தூங்கிடுவாங்கம்மா! பதிமூணு பேர் கழண்டுக்கிட்டா நான் காலி!"

"ஒருத்தர்கூட போகல சார்." அவள் குரலிலும் குழப்பம். "எல்லாரும் அந்த விளம்பரத்தத்தான் அழுத்திக்கிட்டே இருக்காங்க."

ஃபோனை வைத்ததும் புது எண்ணிலிருந்து அழைப்பு.

"கதை எழுதறவரு நீங்கதானா? நான் மெத்தைக் கடை மஞ்சுநாத். அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார். "ஓடி வாங்க சார்! வெட்டிக் காட்ட ஒரே ஒரு சாம்பிள் வெச்சிருந்தேன். பதினோரு மெத்தைய கிழிச்சிட்டாங்க!"

ஆதிகேசவன் ஆட்டோவில் பறந்தான்.

கடைக்குள் இலவம்பஞ்சு பனி மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. இருபது பேராவது இருப்பார்கள். எல்லாரும் அவனுடைய வாசகர்கள். வீணா என்ற இளம்பெண் மெத்தைக்குள் தலையை விட்டு டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். ரிச்சர்ட்ஸ் டவுன் பெரியவர் ஓஸ்வால்ட், வீட்டிலிருந்தே ரொட்டிக் கத்தியோடு வந்திருந்தார்.

"வாங்க ரைட்டர் சார்! 'வைரங்கள் எங்கே'ன்னு கேட்டுட்டு, அடுத்த வரியிலயே அட்ரஸும் குடுத்தா எங்களுக்குப் புரியாதா? நாங்க என்ன மக்குங்களா?"

ஆதிகேசவன் கணக்குப் போட்டான். துப்புதான் என்று தலையாட்டினால் கடையில் ஒரு தலையணைகூட மிஞ்சாது. விளம்பரம் என்று ஒப்புக்கொண்டால் வாக்குத் தவறிய பாவி. இந்த இருபது பேர் போதும், தொடருக்குச் சங்கு ஊத.

மஞ்சுநாத்தைப் பார்த்தான். மனுஷன் மீசையெல்லாம் பஞ்சோடு, அழுகிற நிலையில் நின்றார்.

"நிறுத்துங்க!" ஆதிகேசவன் மெத்தை அடுக்கின்மேல் ஏறினான். "இது துப்பு இல்ல. வெறும் விளம்பரம். எனக்கே காலையிலதான் தெரியும். மன்னிச்சிடுங்க."

கத்திகள் அந்தரத்தில் நின்றன.

முதலில் சிரித்தவர் ஓஸ்வால்ட்.

"கேட்டியாம்மா வீணா? விளம்பரமாம்! விளம்பரமே வராதுன்னு எழுதிக் குடுத்த மனுஷன் சொல்றாரு!"

"நம்மள திசை திருப்பறாரு அங்கிள்," என்றாள் வீணா, தலையிலிருந்து பஞ்சைத் தட்டியபடி. "அப்ப நிச்சயமா இங்கதான் இருக்கு!"

"சத்தியமா இல்லைங்க!"

"பாரு, சத்தியமே பண்றாரு!"

மஞ்சுநாத்தின் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம். "ஏய், கத்திய கீழ போடுங்க! இனிமே வாங்கிட்டுப் போய் வீட்ல வெட்டுங்க! பில்லு போடாம ஒரு நூல பிரிக்கக் கூடாது!"

வைரச் செய்தி பரவி, கியூ தெருமுனை வரை நீண்டது. பன்னிரண்டு மணிக்குள் கிழிந்ததும் கிழியாததுமாக ஏறக்குறைய எல்லாம் விற்றுப்போயின. ஓஸ்வால்ட் ஒரு டபுள் மெத்தையை ஆட்டோ மேலே கட்டிக்கொண்டு, "அடுத்த வாரம் பாக்கலாம் ரைட்டர் சார்!" என்று கண்ணடித்துவிட்டுப் போனார். சந்தா எண்ணிக்கை ஐந்நூற்று நாற்பதைத் தாண்டியிருந்தது.

காலிக் கடையில் ஒரே ஒரு சிங்கிள் மெத்தை மிச்சம். மஞ்சுநாத் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு ஆதிகேசவன் காதருகே வந்தார்.

"சார், எங்கிட்ட மட்டும் உண்மையச் சொல்லுங்க. இதுல இருக்கா? இருந்தா இத விக்காம வெச்சுக்கறேன்."