பயிற்சியாளர் டிரெடவே காட்டும் திசை

எங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து மைதான வாசலில் வெண்கலத்தில் நிற்பவர் என் தாத்தா, பயிற்சியாளர் ஆம்புரோஸ் டிரெடவே. வலது கையை நீட்டி விரலால் சுட்டிக்கொண்டிருக்கிறார். ஓர் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவதென்று திகைத்து நின்றவனிடம் அவர் "அங்கே" என்றார். அவன் ஓடினான். எங்கள் பரம எதிரியான டன்மோர் கல்லூரி தோற்றது. அலபாமாவில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பெருக்கல் வாய்பாட்டுக்கு முன்பே இதைக் கற்றுக்கொள்கிறார்கள்.

சென்ற ஆண்டு மைதானத்தை விரிவாக்கியபோது சிலையை இடம் மாற்றினார்கள். கீறல் விழாமல் கவனமாகத்தான் வைத்தார்கள். ஆனால் விரலுக்கு நேர் எதிரே பெண்கள் கழிப்பறை.

முதல் ஆட்டத்திலேயே புது வழக்கம் ஒன்று தொடங்கிவிட்டது. மாணவிகள் சிலை முன் நின்று, "கோச், எங்க போகணும்?" என்று கேட்பார்கள். சுற்றி நிற்பவர்கள் "அங்கே" என்பார்கள். மாணவிகள் அவருடைய காலணியைத் தொட்டுவிட்டுப் போவார்கள்.

விளையாட்டுத் துறை இயக்குநர் ராய்ஸ் புரூயிட்டைப் போய்ப் பார்த்தேன்.

"உக்காருங்க சார். டீ சொல்லட்டுமா, ஐஸ் போட்டு?"

"நின்னுக்கறேன். எங்க தாத்தா கக்கூஸக் காட்டிக்கிட்டு நிக்கிறாரு."

"அவரு காட்டறது தெக்கு சார். கக்கூஸ் நடுவுல வந்துருச்சு."

"திருப்பி வைங்க."

"கெழக்க திருப்புனா டன்மோர்காரன் பஸ் நிக்கிற எடம். மேக்க பீர் கூடாரம். வடக்க மைதானம்."

"வடக்க."

"தப்பா எடுத்துக்காதீங்க சார். அவரு அந்தப் பக்கம் காட்ட ஆரம்பிச்சதுலேருந்து நம்ம பசங்க இங்க ஒரு ஆட்டம்கூடத் தோக்கல."

"டிரெடவே குடும்பத்துக்குக் கக்கூஸ் ராசி தேவையில்ல."

டன்மோருடன் ஆட்டம் நடப்பதற்கு முந்தைய நாள் கிரேன் வந்து அவரை வடக்கே திருப்பியது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றேன்.

மறுநாள் தோற்றோம். எங்கள் பையன்கள் புள்ளி எடுக்க ஒருமுறைகூட எல்லைக் கோட்டைத் தாண்டவில்லை. எங்கள் ஆள் உதைத்த பந்து எங்கள் வாத்தியக் குழுவின் பெரிய ஊதுகொம்புக்குள் போய் விழுந்தது. அன்று குறி தப்பாமல் போனது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில், என்னோடு படித்த பல் டாக்டர் லாமார் கூல்ஸ்பி எங்கள் பெஞ்சை விட்டுத் தள்ளி உட்கார்ந்தான்.

"இங்க எடம் இருக்கேடா."

"இருக்கட்டும். உன் ராசி எனக்கு ஒட்டிக்கப்போவுது."

"ஒரு ஆட்டம் போச்சு. அதுக்கு நான் என்ன பண்ண?"

"மனுசன் செத்த பிறகும் டீம ஜெயிக்க வெச்சுக்கிட்டிருந்தாரு. பேரன் நீ புடிச்சுத் திருப்பிட்ட."

பாதிரியார் அன்று மன்னிப்பைப் பற்றிப் பேசினார். அவர் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. மற்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

கேலியை ஒரு குடும்பம் தாங்கிக்கொள்ளலாம். டன்மோரிடம் தோற்றதற்கு டிரெடவேதான் காரணம் என்ற பேச்சைத் தாங்க முடியாது. திங்கட்கிழமை மறுபடியும் புரூயிட்டிடம் போனேன்.

"தெக்கயே திருப்பிடுங்க."

"சரிங்க சார்." அவர் சிரிக்கவில்லை. நல்ல வளர்ப்பு.

"ஆனா ஒண்ணு. எங்க தாத்தா விரல் நீட்டற எடம் பேரில்லாத எடமா இருக்கக் கூடாது. எங்க பேர வைங்க."

"கக்கூஸுக்கா சார்?"

"அந்தக் கட்டடத்துக்கு."

நிர்வாகக் குழுவில் யாரும் மறுக்கவில்லை. அடுத்த உள்ளூர் ஆட்டத்தன்று பெயர் சூட்டு விழா. சாம்பல் நிறக் கோட்டு அணிந்து போனேன். கதவுக்கு மேலே பித்தளை எழுத்தில் 'டிரெடவே மாளிகை' என்று பொறித்திருந்தார்கள். குறுக்கே ரிப்பன் கட்டியிருந்தது. ரிப்பனுக்குப் பின்னால் பெண்கள் வரிசை பீர் கூடாரம்வரை நீண்டிருந்தது.

"இந்தப் பல்கலைக்கழகத்துக்கு எது தேவையோ, அந்த இடத்தில் எங்கள் குடும்பம் என்றும் நின்றிருக்கிறது" என்று தொடங்கினேன்.

"பெரியவரே, சீக்கிரம் வெட்டுங்க" என்றாள் வரிசையில் முதலில் நின்ற பெண். "தாங்கல."

என் உரை நான்கு பக்கம். முழுவதையும் வாசித்துவிட்டுத்தான் வெட்டினேன்.