தலையணையில் புள்ளிகள்

தலையணைப் படம் விழுந்த ஈரத் தாளை ஒரு முனையில் பிடித்துத் தகட்டிலிருந்து நான் உரித்தெடுத்ததும் முதலில் சிரித்தது அண்ணன்தான். "என்னம்மா இது, தலையணை பூரா மூட்டைப்பூச்சி?" என்றான். அண்ணி சிரிக்கவில்லை. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த லென்ஸைக் கண்ணோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தாளின் மேல் குனிந்தாள். நான் ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த அச்சு உருளையை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தேன். அவை என்ன புள்ளிகள் என்று எனக்குத் தெரியும். பார்த்த கணமே தெரிந்துவிட்டது.

எங்கள் வீடு மாடியில், பட்டறை கீழே. அண்ணி மெஸ்ஸோடின்ட் என்ற முறையில் அச்சுப்படத் தகடுகள் செய்கிறவள். அவள் செய்யும் தகட்டுக்கு மை பூசி, துடைத்து, அழுத்தி அச்செடுப்பது என் வேலை. அதனால் அண்ணன் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'உருளை'. நாற்பது வயதில் உருளை என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறவனை என்ன சொல்வது. அண்ணன் ஏதோ ஓர் அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கி வந்து கருத்துச் சொல்வதோடு அவன் கலைச்சேவை முடிந்தது.

மெஸ்ஸோடின்ட் கொஞ்சம் தலைகீழான வேலை. மற்றவர்கள் வெள்ளையில் கோடு போடுவார்கள்; இதில் முதலில் முழு இருட்டைச் செய்துகொள்ள வேண்டும். ராக்கர் என்று ஒரு கருவி. நாலு விரல் அகல உருக்குத் துண்டு, அடிப்பக்கம் பிறைபோல் வளைந்து, விளிம்பெல்லாம் மயிரிழைப் பற்கள். பிடியைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டி ஆட்டிச் செம்புத் தகட்டின் மேல் அதை நடத்திப் போக வேண்டும். ஒரு திசையில் தகடு முடிந்தால், கொஞ்சம் திருப்பி வைத்து அடுத்த திசை. அண்ணி நாற்பது திசை போவாள். தகடு முழுக்கச் சொரசொரப்பாகிவிடும். அதில் மை பூசி அச்செடுத்தால் கைவைத்துத் தடவத் தோன்றும் ஒரு கறுப்பு. பிறகு வெளிச்சம் வேண்டிய இடத்தை மட்டும் சுரண்டி, தேய்த்து, வழவழப்பாக்கினால் அங்கே மை நிற்காது. தாளில் வெள்ளையாக விழும். ராக்கர் எங்காவது ஆழமாக இறங்கியிருந்தால் கறுப்பில் அது தெரியவே தெரியாது. வெள்ளையில் காட்டிக்கொடுத்துவிடும்.

போன வருஷக் கடைசியில் மாடிப்படியில் வழுக்கி விழுந்து அண்ணிக்கு வலது மணிக்கட்டு முறிந்தது; முதுகிலும் பலத்த அடி. மூன்று மாதம் மாவுக்கட்டு, படுக்கை. கட்டுப் பிரித்ததும் அவள் செய்ய எடுத்துக்கொண்ட படம் ஒரு தலையணை. இருட்டான கட்டில், நடுவில் தலை அழுந்திய பள்ளத்தோடு ஒரு வெள்ளைத் தலையணை, அவ்வளவுதான். "மூணு மாசமா வேற எதைப் பார்த்தேன், அதையே போட்டுடறேன்" என்றாள். கை திரும்பிவிட்டதா இல்லையா என்பதை அந்தத் தகட்டில் பார்த்துவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். எங்களிடம் சொல்லவும் செய்தாள்.

அவள் மாடியில் கட்டோடு கிடந்த நாட்களில்தான் நான் அதைச் செய்தேன். தகடு செய்ய எனக்கும் ஆசை இருந்தது. பல வருஷ ஆசை. ஆனால் வாயால் எப்போதும் கிண்டல்தான்: "என்ன அண்ணி, கத்திய ஆட்டிக்கிட்டே இருக்கீங்க, இதுக்கு ஒரு மோட்டார் வச்சா முடிஞ்சிடும்." ஆசைப்பட்டதை ஒப்புக்கொள்ளத் தைரியம் இல்லாதவன் வேறென்ன செய்வான்? ஒரு மதியம் அவளுடைய ராக்கரைக் கம்பளி உறையிலிருந்து எடுத்து, ஒரு வீணான செம்புத் துண்டில் ஆட்டிப் பார்த்தேன். நாலாவது வரிசையில் கை நழுவியது. ராக்கர் சிமெண்டுத் தரையில் பற்கள் படும்படி விழுந்தது. லென்ஸில் பார்த்தேன். இரண்டு பற்கள் இல்லை. உடனே சாணைக்கல்லை எடுத்துத் தேய்த்தேன். சாணை பிடிக்கத் தெரியாதவன் பதற்றத்தில் தேய்த்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. சுற்றியிருந்த பற்கள் தேய்ந்து குட்டையாக, நடுவில் ஒன்று மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. துடைத்து உறையில் போட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

கட்டுப் பிரித்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அன்றைக்கு அவள் கீழே வந்து ராக்கரைக் கையில் எடுத்ததும் அண்ணன் கைதட்டினான். நானும் தட்டினேன். அதற்கப்புறம் எந்த வாயால் சொல்வது? எட்டு வாரம் அவள் அந்தத் தகட்டில் ராக்கரை ஆட்டினாள். பக்கத்து மேஜையில் உட்கார்ந்து அந்தச் சரக் சரக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் தாள் நறுக்கினேன். முதல் கறுப்பு அச்சு மாசுமருவில்லாமல் வந்தபோது தப்பித்தேன் என்று நினைத்தேன். ஆமாம், அந்த வார்த்தையைத்தான் நினைத்தேன்.

இப்போது தலையணை முழுக்கப் புள்ளிகள்.

"கை சாயுது. எனக்கே தெரியாம ராக்கர் சாஞ்சு குத்தியிருக்கு" என்றாள் அண்ணி. அவள் ராக்கரைச் சோதிக்கவில்லை. தன் கையைத்தான் விரித்து, மூடி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன்தான். "இப்பதானே அண்ணி கட்டுப் பிரிச்சது. போகப் போகச் சரியாயிடும்" என்று வந்தது. சும்மா இருந்திருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

மருத்துவமனையில் கொடுத்த ரப்பர் பந்தை அவள் மறுபடி எடுத்தாள். காலையில் ஆறு மணிக்குக் கூடத்தில் அவள் எண்ணுவது எனக்குக் கேட்கும். நூறுவரை பிடித்து அழுத்துவாள். சில சமயம் பந்து கைநழுவித் தரையில் விழுந்து உருளும். கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை அது போவதைப் படுத்தபடியே கேட்பேன். அவள் தேடி எடுத்துவந்து ஒன்றிலிருந்து மறுபடி எண்ணுவாள். இல்லாத வியாதிக்கு ஒருத்தி வைத்தியம் செய்துகொண்டிருக்க, மருந்தை நான் வாய்க்குள் அடக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் ஒரு காலை அந்தச் சத்தம் வரவில்லை. மறுநாளும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுவிட்டு அண்ணன் தூங்கிய நேரத்தில் அண்ணி கீழே வந்தாள். கம்பளி உறையை என் மேஜையில் வைத்தாள்.

"இனிமே இது எனக்கு எதுக்கு தம்பி. நீ வச்சிக்கோ."

"எனக்கா? நான் என்ன பண்ணப்போறேன்?"

"உனக்கு ஆசைன்னு எனக்குத் தெரியாதா? நீ கிண்டல் பண்ணும்போதெல்லாம் உன் கண்ணு இதுமேலதான் இருக்கும். நானே கூப்பிட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கணும். இது என் கையவிட்டுப் போயிடுமோன்னு ஒரு அல்பத்தனம். மன்னிச்சிடு."

சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள். மன்னிப்பு! அவள் என்னிடம் கேட்கிறாள். யாரும் இல்லாத பட்டறையில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சுவரைப் பார்த்து நின்றேன்.

பிறகு உறையைப் பிரித்தேன். ஒரு புதுச் செம்புத் துண்டை எடுத்து ஓரங்களைத் தேய்த்துவிட்டு, ராக்கரை அதன்மேல் வைத்து ஆட்டினேன். ஒரே திசை, ஒரே வரிசை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. நாற்பது திசையில் போனால் எந்தப் பல் எங்கே குத்தியது என்று சொல்ல முடியாது. ஒரு திசையில் மட்டும் போனால் ஒவ்வொரு பல்லும் தன் வழியில் நேராக நடக்கும். மை பூசினேன், துடைத்தேன், ஈரத் தாளை வைத்து உருளையைச் சுற்றினேன். வெளிறிய சாம்பல் பட்டையின் நடுவே ஒரு கறுப்புப் புள்ளி வரிசை, தையல் போட்ட மாதிரி நேராக, இடைவெளி மாறாமல். சாய்கிற கைக்கு இவ்வளவு ஒழுங்கு வராது.

அதை அவள் மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய்விடலாம் என்று தோன்றியது. செருப்பைக்கூட மாட்டினேன். அப்புறம் கழற்றிப் போட்டுவிட்டு, தாளோடு மாடிப்படி அடியில் போய் நின்று கூப்பிட்டேன்.

"என்ன தம்பி?" என்று பாதிப்படி இறங்கி நின்றாள்.

"அது உங்க கை இல்ல அண்ணி. ராக்கர். நான்தான் கீழ போட்டேன்."

"எப்போ?"

"நீங்க கட்டோட படுத்திருந்தப்போ."

மேலே அண்ணன் புரண்டு படுப்பது கேட்டது. அண்ணி மீதிப் படிகளையும் இறங்கி வந்து என் கையிலிருந்து தாளை வாங்கினாள். மை இன்னும் காயவில்லை. அவள் கட்டைவிரலில் ஒட்டியது. என்னை அவள் பார்க்கவில்லை. வாசல் வெளிச்சத்துக்குப் போய், தாளை இடது கையில் பிடித்துக்கொண்டு, கழுத்திலிருந்த லென்ஸை வலது கையால் எடுத்துப் புள்ளி வரிசையின் தொடக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். அங்கிருந்து அதை மெல்ல நகர்த்தினாள். ஒவ்வொரு புள்ளியாக, அவசரப்படாமல், வரிசை முடியும்வரை. அந்தக் கை துளிகூட ஆடவில்லை.