இறுக்கிக் கட்டிய படகு

லாரிக்காரர் திரும்பி வந்தபோது படகு துறைச்சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

மதியம் கட்டும்போது மேல்தளம் கரைக்குச் சமமாக இருந்தது. கண் சொக்குகிறது என்று மனைவி உள்ளறையில் படுத்துவிட்டாள். அவர் இன்ஜின் ஆயில் வாங்கப் போனார். கடைக்காரருக்குப் பேச்சு என்றால் சோறு வேண்டாம். அதற்குள் கடல் இறங்கிவிட்டது. கூடவே இறங்க முடியாத படகு, முன்னும் பின்னும் இரண்டு கயிறுகளில் மாட்டி, கரைப்பக்கம் தூக்கிக் கடல்பக்கம் சாய்ந்து நின்றது.

கட்டியவர் அவர்தான். லாரியில் சரக்குக் கட்டியே காய்த்துப்போன கை. கயிறு தொய்ந்தால் அவருக்குத் தூக்கம் வராது. "தண்ணி ஏறி இறங்கும், கயிறை நீளமா விட்டுக் கட்டுங்க" என்று படகை விற்றவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கயிற்றைப் பற்றி எனக்கே பாடமா என்று இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"உள்ள இருக்கியா?" என்று குனிந்து கேட்டார்.

"பின்ன எங்க போறது? கதவு சிக்கிக்கிச்சு, திறக்கல. தரை எது சுவரு எதுன்னே தெரியல."

"அடிபட்டுச்சா?"

"உங்க சமையல் அடுப்புதான் மேல விழுந்துச்சு. பரவாயில்ல, பத்த வைக்கல."

துறைக் காவலர் வந்தார். கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கம்பி போல இருந்தது.

"யார் சார் கட்டினது?"

"நான்தான்."

"நல்லா கட்டியிருக்கீங்க." அவர் சிரிக்கவில்லை.

"அவிழ்த்துடலாமாண்ணே?"

"இந்த பாரத்துல முடிச்சு அவிழாது. ஒன்னை மட்டும் வெட்டினா இன்னொன்னுல குப்புறத் தொங்கும். ரெண்டையும் ஒரே நேரத்துல வெட்டணும். உள்ள ஆளை வெச்சுக்கிட்டு வெட்ட எனக்கு மனசு வரல."

"தண்ணி ஏறுற வரைக்கும் விட்டா?"

"இன்னும் இறங்கும் சார். இறங்கி முடிச்சுட்டுதான் ஏறும்."

லாரிக்காரர் சுவரின் விளிம்பில் உட்கார்ந்தார். அவருக்குப் பெட்ரோல் பங்க்கில் ஆள் தெரியும், செக்போஸ்ட்டில் ஆள் தெரியும். கடலிடம் சொல்லிப் பார்க்க யாரும் இல்லை. கீழே, சுவரில் பாசி படிந்த ஈரக்கோடு ஒன்று புதிதாக வெளியே வந்தது. பிறகு இன்னொன்று.

படகின் முன்பக்கம் கயிற்றைப் பிடித்திருந்த இரும்புக்கட்டையின் அடியில் ஏதோ நெரிந்தது.

"ஏங்க, அது என்ன சத்தம்?"

அவர் காவலரைப் பார்த்தார். "அது பிஞ்சா குப்புறத்தான்" என்று காவலர் ஓடிப்போய் இரண்டு கத்திகளோடு வந்து, ஒன்றை அவர் கையில் கொடுத்தார்.

"எதையாவது கெட்டியா பிடிச்சுக்கோ. கயிறை வெட்டப் போறோம். வெட்டட்டுமா?"

"கட்டும்போது என்னைக் கேட்டா கட்டினீங்க?" என்றது உள்ளிருந்து குரல். கொஞ்சம் கழித்து, "பிடிச்சுக்கிட்டேன்."

காவலர் பின்பக்கம் போய்க் கையைத் தூக்கி, இறக்கினார். கத்திகள் பட்டதுதான் தாமதம், இரண்டு கயிறும் ஒன்றாக வெடித்தன. படகு தடாலென்று விழுந்து, புரண்டு, ஒருவழியாக நிமிர்ந்தது. உள்ளே பாத்திரங்கள் உருண்டு ஓய்ந்தன. அவர் விளிம்பில் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"உசுரோடதான் இருக்கேன்" என்றாள்.

அப்போதுதான் சுவருக்கும் படகுக்கும் நடுவே தண்ணீரைப் பார்த்தார். வற்றுகிற கடல் எல்லாவற்றையும் துறையின் வாய்ப்பக்கம், திறந்த கடலுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. படகைப் பிடித்திருக்க இப்போது ஒரு நூல்கூட இல்லை. இன்ஜின் சாவி அவருடைய சட்டைப்பையில் இருந்தது.

"கதவை உதைச்சுப் பாரு."

"இன்னும் இறுகிக்கிச்சுங்க."

காவலர் தன் துடுப்புப் படகு கிடந்த துறையின் மறுகோடிக்கு ஓடினார். வயதான ஓட்டம்.

"நகர்ற மாதிரி இருக்கே" என்றாள் மனைவி. வட்டச் சன்னலில் அவள் முகம் வந்தது. "எங்க போகுது?"

அவர் கையில் மிச்சமிருந்த கயிற்றுத் துண்டை, எட்டாது என்று தெரிந்தே வீசினார். அது பாதி வழியில் தண்ணீரில் விழுந்தது. எட்டியிருந்தாலும் பிடிக்க மேல்தளத்தில் ஆள் இல்லை. அவள் சன்னல் கண்ணாடி வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொன்னாள். இப்போது கேட்கவில்லை.