டிமாலிட் வார்டு

கூண்டு அட்டையில் 'டிமாலிட்' என்று எழுதியிருந்தது. வயிற்றுவலி மாத்திரைக்கு வைத்த பெயர் மாதிரி இருக்கிறதே என்றேன். சிலம்பன் இனத்துக் குருவிகளை ஆராய்ச்சிக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்களாம். வெப்பக் காடுகளில் புதருக்குள் ஒளிந்து திரிந்து, பூச்சி பிடித்துத் தின்னும் சின்னக் குருவிகள். எங்கள் பூங்காவின் பறவை டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் அந்த வார்த்தையை வாய்நிறையச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் வெறுமனே குருவி என்றால் அவருக்கு முகம் சுருங்கிவிடும்.

நாங்கள் இருவருமே பறவைப் பூங்காவில் வேலை பார்க்கிறோம். புதிதாக வரும் பறவைகளுக்கு நோய்நொடி இல்லை என்று தெரியும்வரை அடைத்து வைக்கிற தனியறை எங்கள் பொறுப்பு. காலையில் நான், மத்தியானத்துக்கு மேல் அவர். கூண்டுக்கு ஒரு குருவி, நடுவில் பலகைத் தடுப்பு. ஒன்றின் நோய் இன்னொன்றுக்குத் தொற்றக்கூடாது என்பது சட்டம். சட்டத்தை என் வீட்டுக்காரர் மீறவே மாட்டார். ஈ காக்கை இல்லாத சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிற மனிதர்.

அன்று காலை முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஓயாமல் கத்தித் தொலைக்கும் என்று சொல்லப்பட்ட ஐந்து குருவிகளும் இறகை உப்பிக்கொண்டு மூலையில் கிடந்தன. இருப்பதிலேயே சின்னது கண்ணை மூடி மூடித் திறந்தது. கையில் எடுத்தால் நெஞ்செலும்பு குத்துகிறது. ஆனால் புழுக் கிண்ணங்கள் எல்லாம் காலி. நன்றாகத் தின்கிற குருவி ஏன் இப்படி இளைக்க வேண்டும்? துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தேன். தண்ணீரை மாற்றினேன், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மாற்றினேன்.

மத்தியானம் அவர் வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை, பிடித்துக்கொண்டேன்.

"என்னங்க, இதுங்க சாப்பிடற மாதிரியே தெரியல."

"கிண்ணம் காலியாத்தானே இருக்கு? டிமாலிட்டுக்குப் புழுன்னா அவ்வளவு இஷ்டம்."

"சாப்பிட்டது எங்க போகுது? எச்சத்தப் பாத்தீங்களா, வெறும் தண்ணி."

கூண்டுகளுக்கு அடியில் கம்பிவலை. வலைக்குக் கீழே தட்டு, தட்டில் காகிதம். அவர் தினமும் அதை அப்படியே சுருட்டிக் குப்பையில் போட்டுவிடுவார். அந்த நாற்றத்தைப் பிரித்துப் பார்க்க யாருக்குத் தலையெழுத்து? அன்று நான் பிரித்தேன். மடிப்புக்குள் மாவுப்புழுக்கள் கொழுகொழுவென்று நெளிந்தன.

கண்ணாடிக் கிண்ணம் போதவில்லை என்று இந்தக் குருவிகளுக்கு மண் கிண்ணம் வைத்திருந்தோம். கண்ணாடியில் புழு வழுக்கி விழும். சொரசொரப்பான மண்ணில் சுகமாக ஏறி, விளிம்பு தாண்டி, வலை வழியாகக் கீழே இறங்கிவிட்டது. விதை தின்னும் பறவைகளின் கிண்ணம் உமியை வைத்துக்கொண்டு நிறைந்த மாதிரி ஏமாற்றும், ஊதிப் பார்த்தால்தான் தெரியும். இது எங்களுக்குத் தூக்கத்திலும் தெரிந்த பாடம். காலிக் கிண்ணமும் ஏமாற்றும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

ஓடிப்போய்க் கண்ணாடிக் கிண்ணங்கள் கொண்டுவந்து புழு வைத்தோம். ஒரு குருவியும் திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டரம்மா பயணத்தில் இருந்தார், போன் எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் செய்தி அனுப்பிவிட்டு, அனுப்பிய செய்தியையே பார்த்துக்கொண்டு நின்றார். சின்னதின் தலை தொங்க ஆரம்பித்தது.

"எல்லாத்தையும் ஒரே கூண்டுல போட்டுடலாம். பெட்டியில வந்தப்போ எப்படி ஒட்டிக்கிட்டு வந்துச்சுங்கன்னு பாத்தீங்கல்ல? தனியா உக்காந்து சாப்பிடத் தெரியாத ஜென்மங்க."

"ஒண்ணுக்கு நோய் இருந்தா அஞ்சும் போயிடும்மா. நம்ம வேலையும் சேந்து போயிடும்."

"இப்படியே விட்டாலும் போகத்தான் போகுது."

நான் காலியாகக் கிடந்த பெரிய கூண்டைத் திறந்தேன். பயமாகத்தான் இருந்தது. என் அவசர புத்திக்கு ஐந்து உயிரையும் பலி கொடுக்கிறேனோ என்று தோன்றியது. நான்கைக் கொண்டுபோய் விட்டுத் திரும்பினால், சின்னதை அவரே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். உள்ளே விட்டு, புழுக் கிண்ணத்தையும் வைத்துக் கதவைச் சாத்தினார்.

ஐந்தும் ஒரே கொம்பில் நெருக்கியடித்து உட்கார்ந்தன. அவ்வளவுதான். சத்தமில்லை, கிண்ணத்தின் பக்கம் அசைவில்லை. ஆள் இருந்தால் வராது என்று இருவரும் வெளியே போய்க் கதவிடுக்கில் கண்ணை வைத்தோம். அப்போது பார்த்து அவர் போன் அடித்தது. டாக்டரம்மா.

"மேடம், எல்லாத்தையும் ஒரே கூண்டுல ஒண்ணாப் போட்டாச்சு. நான்தான் போட்டேன். வீட்ல வேண்டாம்னுதான் சொன்னாங்க" என்றார் என் வீட்டுக்காரர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருடத்தில் இந்த மனிதர் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. போனைப் பிடுங்கினேன்.

"இல்ல மேடம், நான்தான். அவரு வேண்டாம்னாரு."

"யார் போட்டா என்ன, அதை அப்புறம் பேசிக்கலாம். சாப்பிடுதா இல்லையா, அதைச் சொல்லுங்க."

இடுக்கில் பார்த்தேன். பெரியது ஒன்று கொம்பிலிருந்து இறங்கியது. கிண்ணத்தின் விளிம்பில் நின்று தலையைச் சாய்த்து இப்படியும் அப்படியும் பார்த்தது. ஒரு புழுவைக் கவ்வியது. விழுங்கவில்லை. அப்படியே மேலே பறந்து, நடுவில் தலை தொங்கிக் கிடந்த சின்னதின் வாயருகே கொண்டுபோய் நீட்டியது. சின்னது மெல்ல வாயைத் திறந்தது.

"ஹலோ, கேக்குதா? சாப்பிடுதா?"

நான் இடுக்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"ஊட்டுதுங்க மேடம்" என்றார்.