எஞ்சின் விளக்கும் ஒரு சுருட்டும்

எங்கள் நீலக் காரில் மஞ்சளாக எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கியது, புகைச் சோதனைக்குப் போக வேண்டிய மாதத்தில்தான். அந்தச் சோதனையில் தேறி, கண்ணாடியில் புது வில்லை ஒட்டாத வண்டி மெக்சிகோ நகரத் தெருக்களில் ஓட முடியாது. எங்கள் மகன் ஃபவுஸ்தோ ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் பேச்சை எடுத்தான்.

"அப்பா, இந்தத் தடவ தேறலேன்னா பழைய இரும்புக்குப் போட்டுடலாம். ஆள் பாத்து வெச்சிருக்கேன்."

"தேறலேன்னா போடு," என்றார் என் கணவர் நிக்காந்த்ரோ.

சொன்னால் சொன்னதுதான் அவருக்கு. நுரையீரல் கெட்டு, தெருமுனை வரைகூட நடக்க முடியாமல் இருந்தவருக்கு அந்த வண்டிதான் கால்.

அவர் மெக்கானிக் இல்லை. தபால் நிலையத்தில் தபால் பிரித்தே காலம் தள்ளியவர். ஆனாலும் எங்கள் வீட்டு வாசலில் காரின் மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு குனிந்து நிற்பதில் அவருக்கு அப்படியொரு சுகம். சந்தையில் வாங்கிய தீப்பெட்டி அளவுக் கருவியை ஸ்டியரிங்குக்கு அடியில் செருகினார். கைபேசியில் ஒரு எண் வந்தது. எஞ்சினுக்குள் எங்கிருந்தோ வேண்டாத காற்று நுழைகிறது என்று அதற்குப் பொருள். எங்கிருந்து என்பதைக் கருவி சொல்லவில்லை.

எங்கள் தெருவில் எல்லோரும் செய்கிற தவறை அவரும் செய்தார். சோதனைக்குக் கிளம்பும் காலையில் பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினார். விளக்கு அணைந்தது. மீசையைத் தடவிக்கொண்டே ஓட்டிப்போனார்.

சோதனை நிலையத்துப் பெண் தன் கணினியோடு காரை இணைத்துப் பார்த்தாள்.

"ஐயா, பேட்டரியக் கழட்டினீங்களா?"

"யாரு, நானா?"

"வண்டிக்கு எல்லாம் மறந்து போச்சு. வெளக்கு அணைஞ்சா மட்டும் போதாது. ரோட்டுல நல்லா ஓட்டுங்க, அது தன்னத்தானே சோதிச்சு முடிக்கட்டும். மாசம் முடியறதுக்குள்ள மறுபடி வாங்க."

மறுநாள் மீன்தொட்டிக் குழாய் ஒன்றையும் கடையில் வாங்கிய மட்டமான சுருட்டு ஒன்றையும் கொண்டுவந்தார். எஞ்சினுக்குள் புகையை ஊதினால் ஓட்டை இருக்கும் இடத்தில் வெளியே கசியுமாம்.

"நான் ஊதுனா டாக்டர் கொன்னுடுவாரு. நீ ஊது, கெழவி."

"நான் ஊதுனா சாமி கொன்னுடும்."

"சாமிகிட்ட நான் பேசிக்கறேன்."

எஞ்சினுக்குக் காற்று போகும் வாயைப் பிளாஸ்டிக் பையால் கட்டிவிட்டு, குழாயின் ஒரு முனையை உள்ளே செருகி, மறுமுனையை என் கையில் கொடுத்தார். சுருட்டை இழுத்து, புகையை வாயில் நிறுத்தி, குழாய்க்குள் ஊதினேன். கண்ணெல்லாம் நீர். எதிர்வீட்டு ஒப்துலியா பால்கனியில் வந்து நின்றாள்.

"என்ன ஹோர்த்தென்சியா, எழுபது வயசுல புதுப் பழக்கமா?"

"என் புருஷன் கெடுத்துட்டான்."

"அவன் அம்பது வருஷமாக் கெடுக்கறான். இப்பத்தான் பொகையுது போல."

எனக்குச் சிரிப்பும் இருமலும் ஒன்றாக வந்தன.

"சிரிக்காம ஊதுடி," என்ற நிக்காந்த்ரோ சட்டென்று கையை உயர்த்தினார். எஞ்சினின் பின்பக்கம், வளைந்து போன ஒரு ரப்பர் குழாயின் அடியிலிருந்து நூல்போலப் புகை எழுந்தது. இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு அதையே பார்த்தோம். அவ்வளவு பக்கத்தில் அவர் முகத்தைப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

குழாயை மாற்றினார். அதன் பிறகு வண்டிக்கு நினைவு திரும்ப வேண்டும் என்று குவெர்னவாக்காவுக்குப் போகும் பழைய சாலையில் கிளம்பினோம். ஊசியிலைக் காட்டின் குளிர் ஜன்னல் வழியே வந்தது. மலைமேல் த்ரெஸ் மரியாஸில் நிறுத்தி, பூசணிப்பூ வைத்து மடித்த கெசடியா ரொட்டி சாப்பிட்டோம். எனக்குச் சுருட்டு நாற்றம் இன்னும் வாயில் இருந்தது. அவர் வேண்டுமென்றே அருகில் வந்து முகர்ந்தார்.

"சாமி ஒண்ணும் சொல்லல பாத்தியா?"

"அது உன்னத்தான் தேடுது. பேசாம சாப்புடு, கெழவா."

மாதம் முடியும் முன்பே மறுபடி சோதனைக்குப் போனோம். அந்தப் பெண் திரையைப் பார்த்திருந்த நேரம் முழுதும் நிக்காந்த்ரோ என் விரல்களை நெரித்துக்கொண்டே இருந்தார். அவள் வில்லையை நீட்டியதும் ஃபவுஸ்தோவைப் போனில் அழைத்தார்.

"உன் ஆளுக்கு வேற இரும்பு பாத்துக் குடுப்பா."

அடுத்த சோதனை மாதம் வந்தபோது அவர் இல்லை. ஃபவுஸ்தோ வந்து சாவியை எடுத்துக்கொண்டு போனான். மதியம் தொலைபேசி மணி அடித்தது.

"அம்மா, தேறிடுச்சு," என்றான்.